புகழை அளக்கும் கோல்

நண்பர் கூடும் இடங்களில் எழும் வழக்குகளுள் தீராத வழக்கு ஒன்று உண்டு. "இந்தத் தொடர் பெரிதா, அந்தத் தொடர் பெரிதா?" என்பதே அது. தொலைக்காட்சியில் வரும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவரிடையே இவ்வழக்குச் சற்றுச் சூடாகவே நடக்கும். ஒருவர் பார்த்தவர் தொகையை எடுத்துக் காட்டுகிறார். மற்றொருவர் தம் தொடருக்கு உள்ள ரசிகர்களின் பற்றை எடுத்துக் காட்டுகிறார். மூன்றாமவர், "அறுபது ஆண்டு ஆகியும் நிற்கிறதே, அது போதாதா?" என்று கேட்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் மூன்று வேறு கோல் கொண்டு அளக்கிறார்கள். ஆனால் மூன்று கோலுக்கும் 'புகழ்' என்னும் ஒரே பெயரை இட்டு வழங்குகிறார்கள். வழக்குத் தீராமல் நீள்வதற்குக் காரணம் இதுவே.

நான் புள்ளியியல் பயிற்றுவிப்பவன். தமிழ் மன்றத்து மாணவர்கள், "எங்கள் வழக்கை உங்கள் கணக்கால் தீர்த்துவையுங்கள்" என்று கேட்டார்கள். எது பெரிது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கம் அன்று. தீர்ப்புக் கூறுமுன் எதை அளக்கிறோம், யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்று தெளிந்துகொள்ள வேண்டும். அந்தத் தெளிவுக்கு உதவும் ஒரு சிறு பாடமாகவே இதனை எழுதுகிறேன்.

இரண்டு விண்கலங்கள்

முதலில் பழைய வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1965 செப்டம்பர் 15 அன்று சி.பி.எஸ். நிறுவனம் 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' என்னும் தொடரைத் தொடங்கியது. விண்வெளியில் வழி தவறிய ஒரு குடும்பத்தின் கதை அது. 1997ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, 1966 செப்டம்பர் 8 அன்று, என்.பி.சி. நிறுவனம் 'ஸ்டார் டிரெக்' தொடரைத் தொடங்கியது. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலத்தில் பல நாட்டாரும் ஒரு வேற்றுலகத்தாரும் கூடிப் பயணம் செய்யும் கதை இது.

இரண்டும் மூன்று பருவங்கள் ஓடின. முன்னது 83 பகுதிகள். பின்னது 79 பகுதிகள். முன்னது 1968இல் நின்றது. பின்னது 1969இல் நின்றது. அளவில் இவ்வளவு ஒத்த இரண்டு போட்டித் தொடர்கள் கிடைப்பது அரிது. ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அக்காலத்தில் எதற்குப் புகழ் மிகுதி? நீல்சன் நிறுவனத்தின் கணக்கைக் கேட்டால் விடை எளிது. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரே பெரும்பாலும் முந்தி நின்றது. 'ஸ்டார் டிரெக்' ஒவ்வோர் ஆண்டும், "அடுத்த ஆண்டு உண்டா, இல்லையா?" என்னும் அச்சத்திலேயே காலம் தள்ளியது. இன்றோ, தெருவில் போகும் ஒருவரை நிறுத்தி இவ்விரண்டு பெயர்களையும் சொன்னால் எதனை அவர் அறிந்திருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அன்றைய கணக்குப் பொய்யா? இன்றைய புகழ் பொய்யா? இரண்டும் மெய்யே. அப்படியானால் இவை எவ்வாறு ஒன்றோடொன்று முரண்படுகின்றன? இதனை அறிய முதற்கோலைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முதற்கோல்: எத்தனை பேர் பார்த்தார்கள்?

கோடிக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு வீடாகச் சென்று கேட்பது இயலாது. ஆகையால் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பெட்டியில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை ஓடியது என்று குறித்துக்கொள்கிறார்கள். 1960களில் அமெரிக்கா முழுமைக்கும் நீல்சன் பொருத்திய வீடுகள் ஏறத்தாழ 1,200.

"1,200 வீடுகளைக் கொண்டு ஒரு தேசத்தை அளப்பதா?" என்று வியக்க வேண்டா. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் புள்ளியியல். ஆனால் அப்பழமொழிக்குள் சொல்லாமல் நிற்கும் நிபந்தனை ஒன்று உண்டு. பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். மேலே வெந்து அடியில் பிடித்திருந்தால், மேலிருந்து எடுத்த பருக்கை அடியைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிளறி எடுத்தாலும் பிழை ஒன்று எஞ்சும். 1,200 வீடுகளில் 240 வீடுகள், அதாவது நூற்றுக்கு 20, ஒரு தொடரைப் பார்த்தன என்று வைத்துக்கொள்வோம். 20க்கும் 80க்கும் உரிய பின்னங்களைப் பெருக்கினால் 0.16. அதை 1,200ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 0.0115. இதனை இருமடங்காக்கினால் நூற்றுக்கு 2.3 என்று வரும். அதாவது, உண்மை அளவு 17.7க்கும் 22.3க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். நூற்றில் தொண்ணூற்றைந்து முறை அவ்வாறே இருக்கும். இப்போது 20 பெற்ற தொடரின் ரசிகர் 19 பெற்ற தொடரின் ரசிகரைப் பார்த்து மார்தட்டினால் என்ன சொல்வது? அந்த ஓர் எண் வேறுபாடு கருவியின் நடுக்கமாகவும் இருக்கலாம் என்றே சொல்ல வேண்டும். வெற்றிக்கொடி என்று ரசிகர் தூக்குபவற்றுள் பல, இத்தகைய நடுக்கங்களே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு தொடர் பெறும் எண்ணிக்கை அதன் தகுதியால் மட்டும் அமைவதன்று. எதிரே என்ன ஓடுகிறது என்பதாலும் அமைகிறது. இங்கிலாந்தில் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அதன் நெடிய வரலாற்றில் மிகுதியான பேர் பார்த்த பகுதி எது தெரியுமா? 1979 அக்டோபரில் ஒளிபரப்பான 'சிட்டி ஆஃப் டெத்' என்னும் கதையின் இறுதிப் பகுதி. ஒரு கோடியே அறுபது இலட்சம் பேருக்கு மேல் பார்த்தனர். கதையும் நல்ல கதைதான். ஆனால் அந்நாளில் போட்டி நிறுவனமான ஐ.டி.வி.யில் வேலைநிறுத்தம், அதன் திரை வெறிச்சோடிக் கிடந்தது. பந்தயத்தில் மற்றக் குதிரை இலாயத்திலேயே கட்டிக்கிடந்தபோது கிடைத்த வெற்றி அது.

நேரமும் அவ்வாறே. 'ஸ்டார் டிரெக்' தொடரை அதன் மூன்றாம் பருவத்தில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். அதனை விரும்பிப் பார்த்த இளைஞரில் பலர் அந்நேரத்தில் வீட்டிலேயே இருப்பதில்லை. எண்ணிக்கை குறைந்தது. "மக்கள் விரும்பவில்லை" என்று கணக்குச் சொன்னது. விரும்பியவர் வீட்டில் இல்லை என்பதைக் கருவி எங்ஙனம் அறியும்?

நம் நாட்டு வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980களில் தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சி. 'ஸ்டார் டிரெக்' ஞாயிறு காலைகளில் நம் நாட்டிற்கும் வந்தது. ஜப்பானியரின் 'ஜயண்ட் ரோபோ' வந்தது. நம்மவர் எடுத்த 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 1989இல் 'இந்திரதனுஷ்' ஆகியவையும் வந்தன. போட்டி அலைவரிசை இல்லாத காலத்தில் இவற்றைப் பார்த்தவர் தொகையை மட்டும் கொண்டு புகழை அளக்க முயல்வது, ஊரில் உள்ள ஒரே கிணற்றின் நீர் சுவையானது என்பதற்கு அங்கு வந்த குடங்களின் எண்ணிக்கையைச் சான்று காட்டுவது போன்றதாகும்.

தனியார் அலைவரிசைகள் வந்த பின்னும், 1990களின் இறுதியில், தூர்தர்ஷனிலேயே இரண்டு தொடர்கள் சிறுவரைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று 'சக்திமான்'. முகேஷ் கன்னா நடித்தது. 1997 செப்டம்பர் 13 அன்று தொடங்கி 2005 மார்ச் வரை ஓடியது. மற்றொன்று 1998இல் வந்த 'கேப்டன் வியோம்'. கேத்தன் மேத்தா இயக்க, மிலிந்த் சோமன் நடித்தது. சூரிய மண்டலத்தையே களமாகக் கொண்ட விண்வெளிக் கதை. 'சக்திமான்' யோக வலிமையால் பறப்பவன் ஆதலால் அது விஞ்ஞானத் தொடரே அன்று என்பது 'வியோம்' கட்சியாரின் வாதம். "பார்ப்பவனுக்குப் பறப்பதுதான் முக்கியம்; எதனால் பறந்தால் என்ன?" என்பது 'சக்திமான்' கட்சியாரின் மறுமொழி.

இவ்விரு கட்சிகளையும் நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். போனக்காட்டில் கண்டு அறிந்தவன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால், அகத்தியர் மலைக்கு ஏறுவோர் புறப்படும் இடம் போனக்காடு. வெள்ளையர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டம் அங்கு உண்டு. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவருள் பெரும்பாலோர் மலைக்கு அப்பாலிருந்து வந்த தமிழர். என் தாயும் தந்தையும் அங்குக் கொழுந்து எடுத்தவர்கள். இன்று தோட்டத்தின் ஆலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லயத்தார் பலர் வேலை தேடிப் பல திசைகளில் போய்விட்டனர்.

எங்கள் லயத்து வரிசையில் ஒரு வீட்டில் மட்டுமே பெட்டி இருந்தது. அந்த வீட்டு ஆச்சி கதவைத் திறந்து வைப்பார். உள்ளே இடம் போதாமல் வாசலிலும் வாசலுக்கு வெளியிலும் பிள்ளைகள் நிற்பார்கள். தொடர்கள் இந்தியில் வரும். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. படத்தைப் பார்த்து நாங்களே தமிழில் வசனம் கட்டிக்கொள்வோம். 'வியோம்' எதிரியிடம் என்ன சொன்னான் என்பது குறித்து மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் வழக்கு நடக்கும். லயத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 'சக்திமான்' கட்சி. நாலைந்து பேர் மட்டும் 'வியோம்' கட்சி.

எண்ணிக்கைக் கோலால் அளந்தால் எங்கள் லயத்தில் 'சக்திமான்' வென்றான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை லயத்தைத் தாண்டி எங்கேனும் சென்றதா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா.

பானைக்கு வெளியே நின்றவர்கள்

நம் நாட்டில் 1990களின் இறுதியில் 'டாம்' என்னும் நிறுவனம் கருவி கொண்டு அளக்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதன் கருவிகள் ஓர் இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலேயே இருந்தன. சிற்றூர்களில் இல்லை, மலைத்தோட்டங்களில் இல்லை. பின்னர் 2015இல் 'பார்க்' என்னும் அமைப்பு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில்தான் நாட்டுப்புறங்களின் கணக்கும் முறையாகச் சேர்ந்து வெளிவரத் தொடங்கியது. பிற்காலத்தில் அதன் கருவி வீடுகள் 55,000 அளவிற்கு உயர்ந்தன. இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளோ 20 கோடிக்கு மேற்பட்டவை.

எங்கள் ஆச்சி வீட்டுப் பெட்டியில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். வீட்டுக் கணக்கு எடுத்தால் அது 'ஒன்று'. திருவனந்தபுரத்தில் ஒருவர் தனியே அமர்ந்து பார்க்கும் வீடும் 'ஒன்று'. வாசல் நிறையப் பிள்ளைகள் நின்று பார்க்கும் லயத்து வீடும் 'ஒன்று'. ஆட்கணக்கு எடுக்கும் கருவிகளில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. விருந்தினரைக் குறிக்கவும் வழி உண்டு. ஆனால் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளை எந்தப் பொத்தானில் சேரும்?

இது கருவியைப் பழிக்கும் பேச்சு அன்று. எந்த அளவைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதே குறை. "இந்தியா முழுதும் மிகுதியாகப் பார்த்த தொடர்" என்று அந்நாளில் சொன்னவர், "கருவி வைத்த நகரங்களில் மிகுதியாகப் பார்த்த தொடர்" என்று சொல்லியிருந்தால் அது மெய். முன்னதைச் சொன்னால் அது மெய்யும் அன்று, முழுப் பொய்யும் அன்று. கிளறாத பானையின் மேற்சோறு.

தோட்டத்தில் எங்கள் தாய்மார் எடுத்த கொழுந்தை நாள்தோறும் தராசில் நிறுத்து எழுதினார்கள். அரைக் கிலோ குறைந்தாலும் ஏட்டில் தெரியும். எதை எண்ணினால் வருவாய் உண்டோ அதை மனிதர் நுட்பமாக எண்ணுவர். விளம்பரம் செய்வோர்க்கு நகரத்தார் பையில் உள்ள பணமே குறி. ஆகவே நகரத்தாரின் கண்கள் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டவர் விரும்புவதே மேலும் எடுக்கப்பட்டது. எண்ணப்படாதவர் விருப்பம் என்னவென்று எவரும் கேட்கவில்லை. ஆகவே, யாரை எண்ணுவது என்பது வெறும் கணக்கு வினா அன்று. யாருக்காகப் படைப்பது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை நெடுங்காலம் 'பொதிகை' என்னும் பெயரோடு விளங்கியது. 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆயிற்று. பொதிகை என்பது எங்கள் லயத்தின் தலைக்குமேல் நின்ற அதே அகத்தியர் மலைத்தொடர். மலையின் பெயர் தமிழ்நாடெங்கும் திரையில் ஒளிர்ந்தது. மலையடிவாரத்துப் பார்வையாளரோ அந்நாளைய கணக்குகளில் இடம் பெறவில்லை.

இரண்டாம் கோல்: எவ்வளவு ஆழமாகப் பார்த்தார்கள்?

மலைப்பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகும். கதை உச்சத்தில் இருக்கும்போது திரை இருண்டுவிடும். இரு கட்சியாரும் "எங்களுடையதே பெரிது" என்று ஓயாமல் வாதிடுவதைக் கேட்டுச் சலித்த ஆச்சி ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"கரண்டு போனா எந்திச்சுப் போறவன் எவன், இருட்டுக்குள்ளயே இருக்கவன் எவன்னு பாரு, ராசா. அதுல தெரிஞ்சுபோகும்."

பார்த்தேன். 'சக்திமான்' ஓடும்போது மின்சாரம் போனால், கூட்டத்தில் பெரும்பகுதி உடனே வெளியே ஓடிச் சுழன்று விளையாடத் தொடங்கும். 'வியோம்' ஓடும்போது போனால், அந்த நாலைந்து பேர் மட்டும் இருட்டிலேயே அமர்ந்திருப்பார்கள். மின்சாரம் வராவிட்டால், விட்ட இடத்திலிருந்து கதையைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அவர்கள் கட்டிய விண்கலம் ஒரு மழைக்காலம் முழுதும் லயத்தின் பின்புறம் நின்றது.

ஆச்சிக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் எண்ணிக்கை வேறு, ஈடுபாடு வேறு என்னும் நுட்பத்தை அவர் அறிந்திருந்தார். எண்ணிக்கையை அறியத் தலைகளை எண்ணினால் போதும். ஈடுபாட்டை அறிய வேண்டுமானால், இடையூறு வரும்போது ரசிகர் எவ்வளவு விலை கொடுக்க முன்வருகிறார் என்று பார்க்க வேண்டும். நேரமோ, உழைப்போ, பணமோ, பொறுமையோ அவ்விலையாக இருக்கலாம்.

இப்போது அமெரிக்க வழக்குக்குத் திரும்பினால், முன்பு புரியாதது புரியும். 1967-68இல் 'ஸ்டார் டிரெக்' நிறுத்தப்படும் என்னும் பேச்சு எழுந்தபோது, ரசிகர் பலர் ஒன்றுகூடி என்.பி.சி.க்குக் கடிதம் எழுதும் இயக்கம் தொடங்கினர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் மாதத்தில், தொடர் நீடிக்கும் என்று நிறுவனமே திரையில் அறிவிக்க நேர்ந்தது. கருவி கணக்கெடுத்த வீடு எதுவும் செய்யாமலே ஓர் எண் ஆகிவிடுகிறது. கடிதம் எழுதியவரோ தாள் தேடி, எழுதி, தலை ஒட்டி, அஞ்சற்பெட்டி வரை நடந்தார். இருட்டில் அமர்ந்திருந்தவர் அவரே.

தொடர் நின்ற பின்னும் அந்த ஈடுபாடு நிற்கவில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் கூடிய 'ஸ்டார் டிரெக்' ரசிகர் மாநாட்டிற்குச் சில நூறு பேர் வருவர் என்று எதிர்பார்த்தனர், ஆயிரக்கணக்கில் வந்தனர். 1976இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்திற்குப் பெயரிடும் காலத்தில் ரசிகர் மீண்டும் கடிதம் எழுதினர். 'எண்டர்பிரைஸ்' என்றே அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. கற்பனைக் கலத்தின் பெயர் மெய்க்கலத்தின் மேல் ஏறியது.

ஆனால் இக்கோலுக்கும் குறை உண்டு. உரக்கப் பேசுபவரே இதில் பெரியவராகத் தெரிவர். கடிதம் எழுதத் தெரிந்தவர், எழுத நேரம் உள்ளவர், எங்கு அனுப்புவது என்று அறிந்தவர் ஆகியோரின் அன்பே இக்கோலில் பதியும். எங்கள் 'வியோம்' கட்சியார் எவருக்கும் கடிதம் எழுதவில்லை. எழுதலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, கடிதம் வரவில்லை என்பதனால் அன்பு இல்லை என்று முடிவு செய்வதும் பிழையே.

மூன்றாம் கோல்: எவ்வளவு காலம் நிற்கிறது?

"காலமே நடுவர்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். 'ஸ்டார் டிரெக்' தொடரின் கடைசிப் பகுதி 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பானது. ஏழு வாரத்திற்குள், ஜூலை 20 அன்று, மனிதன் சந்திரனில் கால்வைத்தான். அதன் பிறகு உள்ளூர் நிலையங்கள் அத்தொடரை வாங்கித் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதனை மாலைதோறும் பார்த்தனர். 1979இல் திரைப்படமாயிற்று. 1987இல் புதிய தொடராகப் பிறந்தது. இன்றும் கிளைத்து வருகிறது. 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரும் முற்றிலும் மறையவில்லை. 1998இல் திரைப்படமாகவும், 2018 முதல் 2021 வரை புதிய தொடராகவும் வந்தது. ஆயினும் முன்னதன் வளர்ச்சியோடு இதனை ஒப்பிட இயலாது.

காலம் நேர்மையான நடுவர்தானா? அதனையும் ஆராய வேண்டும். 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரின் முதற்பருவம் கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டது; 'ஸ்டார் டிரெக்' முழுதும் வண்ணம். வண்ணப் பெட்டிகள் பரவிய 1970களில் மறு ஒளிபரப்புக்கு எது வசதி என்பது வெளிப்படை. 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களைச் சேர்ந்த பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று கிடைப்பதில்லை. பி.பி.சி. பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியதே காரணம். அழிந்தவை கெட்டவை என்று யார் சொல்ல முடியும்? நிலைத்து நிற்பதற்குத் தகுதி வேண்டும். தகுதியோடு பாதுகாப்பாரும் வேண்டும்.

நம் ஏட்டிலக்கியம் இதனை முன்பே நமக்குக் கற்பித்துள்ளது. கரையான் தின்ற ஓலைச்சுவடிகளுள் எத்தனை நல்ல நூல்கள் இருந்தனவோ? எஞ்சியவற்றை மட்டும் வைத்து, எஞ்சாதவை சிறியவை என்று நாம் சொல்லத் துணிவதில்லை. தொலைக்காட்சித் தொடருக்கும் அதே நீதிதான் பொருந்தும்.

புதிய கருவி, பழைய குழப்பம்

"இப்போது எல்லாம் கணிப்பொறி, ஒவ்வொருவர் பார்ப்பதும் துல்லியமாகப் பதிகிறது, இனிக் குழப்பம் இல்லை" என்று ஒரு மாணவர் என்னிடம் சொன்னார். எண் துல்லியமாகலாம், பொருள் துல்லியமாக வேண்டுமே! 'நெட்ஃபிளிக்ஸ்' நிறுவனத்தையே பார்ப்போம். முதலில் ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது பங்கு பார்த்தால் 'பார்த்தவர்' என்று எண்ணினார்கள். 2020 தொடக்கத்தில், இரண்டு நிமிடம் பார்த்தாலே 'பார்த்தவர்' என்றார்கள். 2021 நவம்பரில், பார்த்த மணிகளை எண்ணத் தொடங்கினார்கள். 2023இல், பார்த்த மணிகளைத் தொடரின் நீளத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டார்கள்.

இதன் விளைவு என்ன? எட்டு மணி நீளமுள்ள ஒரு தொடரையும் நான்கு மணி நீளமுள்ள ஒரு தொடரையும் எண்ணிக் கொள்வோம். முன்னதை 80 இலட்சம் மணியும் பின்னதை 60 இலட்சம் மணியும் மக்கள் பார்த்தார்கள் என்று வைத்துக்கொண்டால், மணிக் கணக்கில் முன்னது வெல்லும். நீளத்தால் வகுத்தால் முன்னதற்கு 10 இலட்சம், பின்னதற்கு 15 இலட்சம், பின்னது வெல்லும். தொடர் மாறவில்லை, பார்த்தவர் மாறவில்லை, கோல் மாறியது, வெற்றி மாறியது. ஆகையால் எண்ணைக் கேட்குமுன் இலக்கணத்தைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முடிவாக

இவ்வழக்குகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விரும்பியதைப் பற்றி வாதிடுவது இளமையின் இன்பங்களுள் ஒன்று; கற்பனையை வளர்ப்பதும் ஆகும். வாதத்தில் இறங்குமுன் மூன்று வினாக்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் அளப்பது எண்ணிக்கையையா, ஈடுபாட்டையா, நிலைபேற்றையா? எந்த நேரத்தில், எதற்கு எதிராக, எந்தக் கருவியால் அளந்த எண் இது? இந்த எண்ணில் யார் இல்லை? இம்மூன்றில் கடைசி வினாவையே பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். எனக்கு அதுவே தலையாய வினாவாகத் தோன்றுகிறது.

தமிழிலும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் இல்லாமல் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் நாடகமாகவும் வந்தது. அதில் வரும் 'ஜீனோ' என்னும் இயந்திர நாய்க்குட்டியை இன்றும் அன்போடு நினைப்பவர் உண்டு. எத்தனை பேர் அதனைப் பார்த்தார்கள் என்னும் கணக்கைக் கொண்டு அந்த அன்பை விளக்க முடியாது. அன்று பார்த்தவர்கள் இன்று நம் வீடுகளில் அத்தையாகவும் மாமாவாகவும் ஆச்சியாகவும் இருக்கிறார்கள்.

மன்றத்து மாணவர்களுக்கு ஒரு பணி சொல்லி முடிக்கிறேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அவர்களிடம் கேளுங்கள்: என்ன பார்த்தீர்கள், எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை பேர் கூடினீர்கள், மின்சாரம் போனபோது என்ன செய்தீர்கள்? மலைத்தோட்டத்திலும் கடற்கரைக் குப்பத்திலும் கேளுங்கள். நகரத்துச் சந்திலும் கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதி வாருங்கள். ஊரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அவற்றைத் தொகுத்தால் எந்தத் தொடர் வென்றது என்பது தெரியாமலும் போகலாம். கருவி எட்டாத இடங்களிலும் கனவு கண்டவர்கள் இருந்தார்கள் என்பது தெரியும். அந்தக் கணக்கை எடுப்பதற்கு நம்மைத் தவிர வேறு எந்த நிறுவனமும் வரப்போவதில்லை.